சாக்பீஸ் பாயும் கையெழுத்துப் போடாத பிரவுசரும்

உலகத்திலேயே கம்ப்யூட்டரைச் சாக்பீஸால் ரிப்பேர் செய்த ஒரே மனிதர் எங்கள் சாக்பீஸ் பாய்தான். இதை எந்தச் சபையில் வேண்டுமானாலும் சொல்லத் தயார். என்னைப் போல அவரிடம் அகப்பட்டுக்கொண்டவர்கள் ஆம்பூரில் இன்னும் ஒரு பத்துப் பேராவது இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள், முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். பிறகுதான் பேசுவார்கள்.

நான் வேலை பார்த்தது ஒரு ஷூ கம்பெனியின் எக்ஸ்போர்ட் ஆபீசில். குடியாத்தத்தில் பஸ் ஏறி, பாதி வழி நின்றுகொண்டே வந்து, மாடிப்படி ஏறி, நாற்காலியில் உட்காரும்போதே எனக்கு அன்றைய நாள் முடிந்துபோன மாதிரி இருக்கும். அப்படி ஒரு காலையில்தான் முதல் முதலாகக் கவனித்தேன். என் மானிட்டரின் இடது மூலையில் சாக்பீஸால் ‘சி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பக்கத்து மேஜையில் ‘பி’. அக்கவுண்ட்ஸ் பிரேமாவின் மானிட்டரில் ‘ரிஜெக்ட்’.

“இத யாரு எழுதனது?” என்று கேட்டேன்.

“பாய்தான்,” என்றாள் பிரேமா. “தொடைச்சா மறுபடி எழுதுவாரு. வுட்டுடு.”

பாய் அதற்கு முன்பு இருபது வருடத்துக்கு மேல் தோல் தரம் பிரிக்கிறவராக இருந்தவர். பதனிட்ட தோலை மேஜையில் விரித்து, முள் கிழித்த இடம், உண்ணி கடித்த இடம், கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் சாக்பீஸால் வட்டமிட்டு, மூலையில் ஏ, பி, சி என்று தரம் எழுதுவது அந்த வேலை. நாள் முழுக்க நின்று குனிந்து செய்ய வேண்டும். ஒரு கட்டத்தில் அவருடைய இடுப்பு ‘போதும்’ என்று சொல்லிவிட்டது. எம்.டி. நல்ல மனிதர், உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுக்கலாம் என்று ஆபீசுக்கு அனுப்பினார். ஆபீசில் அப்போது ஆள் இல்லாமல் இருந்த ஒரே வேலை கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது.

பாய்க்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அதை அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா மகனின் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் ஆறு மாதம் படித்தார். அதில் விண்டோசுக்குப் பதிலாக இருந்தது லினக்ஸ். அதனால் அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் லினக்ஸ்தான். ‘காசு கொடுக்காமல், திருடாமல், சட்டப்படி போட்டுக்கொள்ளலாம்’ என்று அவர் சொன்ன அன்றே எம்.டி. மொத்த ஆபீசையும் லினக்சுக்கு மாற்றச் சொல்லிவிட்டார். எங்களை யாரும் கேட்கவில்லை.

ஒருமுறை ஜெர்மனியிலிருந்து, எங்கள் ஷூவை வாங்குகிற பையர் வந்திருந்தார். ஆபீசைச் சுற்றிப் பார்த்தவர் மானிட்டர் மூலைகளைக் காட்டி இது என்ன என்று கேட்டார். எம்.டி. கண் சிமிட்டாமல், எங்கள் தரக்கட்டுப்பாடு முறை என்றார். அவர் மிகவும் திருப்தியாகக் குறித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பாயைப் பிடிக்க முடியவில்லை. ஃபேன், பிரிண்டர், தண்ணீர் கேன் எல்லாவற்றுக்கும் தரம் எழுத ஆரம்பித்தார்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய வாசிப்பைத்தான் பொறுக்க முடியாது. கம்ப்யூட்டரில் ஏதாவது தகராறு என்று கூப்பிட்டால், வேறு ஆட்களைப் போல அணைத்துப் போடுங்கள் என்று சொல்ல மாட்டார். அணைத்துப் போடுவது அவருக்குப் பிடிக்காது. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவார்.

“இன்னா எழுதியிருக்குது, படி.”

“ஏதோ எரர் பாய்.”

“ஏதோன்னு ஒரு எரர் கெடையாதும்மா. அதுக்கு ஒரு பேர் கீது. படி.”

படிக்க வேண்டும். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை. நாம் முடித்ததும் அவர் ஒருமுறை, விரலைத் திரையில் வைத்து, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படிப்பார். எனக்குத் தெரிந்து ஒரு பிரிண்டர் தகராறை அவர் காலை டீயிலிருந்து மதிய சாப்பாடு வரை படித்திருக்கிறார். பேப்பர் தீர்ந்துபோயிருந்தது. அது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. அவரைப் பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இன்னொன்று. அவரிடம் எந்தத் தப்பையும் சொல்லலாம். ‘நான் ஒண்ணும் பண்ணல பாய், தானா ஆயிடுச்சி’ என்று மட்டும் சொல்லக்கூடாது. மனிதர் முகமே மாறிவிடும். “தோலு தானா கிழியுமாம்மா? முள்ளு இருக்கும், கம்பி இருக்கும், இல்லன்னா எவனாச்சும் கத்திய வெச்சிருப்பான். தானா எதுவும் ஆவாது,” என்பார். பிரேமா ஒருநாள் கீபோர்டில் ரசத்தைக் கொட்டிவிட்டு, தானாக வேலை செய்யவில்லை என்றாள். பாய் கீபோர்டைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். “மொளகு ஜாஸ்தி,” என்றார். அந்த ‘ரிஜெக்ட்’ அன்றைக்கு விழுந்ததுதான். மெஷினுக்குப் போட்டதா பிரேமாவுக்குப் போட்டதா என்று இன்று வரை தெரியாது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கட்டத்தில் எங்கள் எக்ஸ்போர்ட் பேப்பர்களில் பலவற்றுக்குக் கம்ப்யூட்டரிலேயே கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆனது. எம்.டி.யின் கையெழுத்து விரல் நீளத்துக்கு ஒரு யு.எஸ்.பி. குச்சிக்குள் இருக்கும். அதைச் செருகினால் மட்டும் போதாது. பிரவுசருக்குள் ப்ளகின் என்று ஒரு சின்ன இணைப்பு வேண்டும். கம்ப்யூட்டருக்குள் ஒரு உதவி புரோகிராம் வேண்டும். ப்ளகின் புரோகிராமைக் கூப்பிடும், புரோகிராம் குச்சியைக் கூப்பிடும், குச்சி கையெழுத்தைக் கொடுக்கும். இதில் ஒருவர் காதில் விழாவிட்டாலும் கப்பல் போய்விடும்.

இதை என் மெஷினில் போட பாய் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். லினக்சில் எதையும் கடையில் வாங்குவது போலத் தனியாகக் கொண்டுவர முடியாது. ‘ஆப்ட்’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதனிடம் பெயரைச் சொன்னால் அது போய்க் கூட்டிக்கொண்டு வரும். வரும்போது தனியாக வராது.

“பாரும்மா கூத்த,” என்று பாய் திரையைப் படித்தார். “இவன் வரணும்னா அவன் வரணுமாம். அவன் வரணும்னா அவங்க மாமா வரணுமாம். மாமா வந்துட்டாரு, ஆனா அவரு பழைய மாமாவாம், இவனுக்குப் புது மாமா வேணுமாம்.”

“மாமா இல்லாம வர மாட்டாங்களா பாய்?”

“வருவான். வந்து பேச மாட்டான்.”

மூன்றாம் நாள் பிரவுசரே சண்டைக்கு வந்தது. ஒரே பிரவுசர் இரண்டு விதமாகக் கிடைக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆப்ட் வழியாக வருவது ஒன்று. அது வீட்டில் எல்லாரோடும் பேசும். ‘ஸ்நாப்’ என்ற வழியில் வருவது இன்னொன்று. அது பத்திரமாக இருக்க வேண்டும் என்று தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கும். எங்கள் புரோகிராம் கதவைத் தட்டினால் அதற்குக் கேட்காது. பாய் கதவைச் சாத்திக்கொள்கிறதை எடுத்துவிட்டு, பேசுகிறதைப் போட்டார். கையெழுத்து விழுந்தது. என் மானிட்டரில் ‘சி’யைத் துடைத்துவிட்டு ‘ஏ’ எழுதினார். ஆபீசிலேயே ஒரே ‘ஏ’ அதுதான்.

“இந்த பிரவுசர் மேல மட்டும் கை வெக்காதம்மா,” என்றார். தலையாட்டினேன்.

கொஞ்ச நாள் கழித்து வாலாஜாபேட்டையில் தங்கை வீட்டுக் கல்யாணம் என்று லீவு போட்டார். அன்று பார்த்து என் மெஷின் பாஸ்வேர்டு கேட்டு நின்றது. மற்றவர்கள் பார்க்காமல் பாய் உடம்பால் மறைத்து அடிக்கிற பாஸ்வேர்டு அது. போன் செய்தேன். பின்னால் கல்யாண இரைச்சல். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். “உங்கிட்ட மட்டும் இருக்கட்டும் எஸ்தர்மா,” என்றார்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் ஓடியது என் சம்பளம் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த, தோல் பதனிடுகிற ஷாப்பை மூடிவிட்டார்கள். அவர் காலையில் கிளம்பி யார் யாரையோ பார்க்கப் போவார், சாயங்காலம் ஒன்றும் பேசாமல் வருவார். பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். இந்த யோசனையில் நான் ஒரு பில்லில் பையர் பெயரை மாற்றிப் போட்டுவிட்டேன். சரக்கு துறைமுகத்தில் நான்கு நாள் நின்றது. எம்.டி. கூப்பிட்டு, சத்தம் போடாமல் சொன்னார். “இன்னொரு தடவ இந்த மாதிரி ஆச்சின்னா, நீ வர வேணாம்மா.”

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பிரவுசர் மாடு மாதிரி படுத்துக்கொண்டது. ஆறு மணி பஸ்ஸை விட்டால் அடுத்ததில் நிற்கவும் இடம் இருக்காது. திரையில் சாஃப்ட்வேர் கடை மாதிரி ஒன்று திறந்திருந்தது, அதில் அதே பிரவுசர், புதியது, பக்கத்தில் பொத்தான். அழுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது. எனக்குத்தான் தெரியுமே, போட்டேன். வந்தது. வேகமாக ஓடியது. அப்போது பார்த்தேன், திரையில் ஒரே பிரவுசர் படம் இரண்டு இருந்தது.

நான் ஆபீசுக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் பேக்கிங்கில் லேபிள் ஒட்டியவள். ஒரு அட்டைப்பெட்டியில் ஒரே லேபிள் இரண்டு ஒட்டியிருந்தால் இன்ஸ்பெக்ஷனில் மொத்த லாட்டையும் திருப்பிவிடுவார்கள். அதனால் இரண்டைப் பார்த்ததும் பழையதைக் கிழித்துவிடுவது என் கைக்கே பழக்கம். யோசிக்கவே இல்லை. பழைய படத்தை, அதாவது பழைய பிரவுசரையே, நீக்கினேன். மறுபடி பாஸ்வேர்டு கேட்டது, அதையும் போட்டேன். நல்ல வேலை செய்த திருப்தியோடு பஸ்ஸுக்கு ஓடினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட எம்.டி.யின் குச்சியைச் செருகினேன். குச்சியில் விளக்கு எரிந்தது. திரையில், கையெழுத்துப் போடும் புரோகிராமோடு தொடர்பு கிடைக்கவில்லை என்று வந்தது. கீழே கேட்டில் கண்டெய்னர் லாரி நின்றுகொண்டிருந்தது. மூன்று மணிக்குள் கிளம்பினால்தான் சென்னைத் துறைமுகத்தில் கேட் மூடுவதற்குள் போய்ச் சேரும்.

பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். “படி.”

படித்தேன். அவரும் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நேத்து எதுனா பண்ணியாம்மா?”

அந்த நிமிஷத்தில்தான் அந்த இரண்டு படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எம்.டி. போனில் பேசிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஒண்ணும் பண்ணல பாய்,” என்றேன். “தானா ஆயிடுச்சி.”

அவர் முகம் மாறவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. திரும்பி வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

முதலில் ப்ளகினை எடுத்துவிட்டு மறுபடி போட்டார். அதே செய்தி. உதவி புரோகிராம் இருக்கிறதா என்று ஆப்டைக் கேட்டார். இருக்கிறது, அதுவும் புத்தம் புதிது என்றது. எடுத்துவிட்டுப் போட்டார். அதே செய்தி. மாமாக்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். மேஜை மேல் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டார். ப்ளகின், புரோகிராம், குச்சி. ஒவ்வொன்றாக டிக் அடித்தார். மூன்றும் நல்லபடி இருக்கிறது, ஆனால் கையெழுத்து இல்லை. பிரவுசருக்கு அவர் வட்டமே போடவில்லை. அது அவர் கையால் போட்டது, அதே படம், அதே பெயர், அதை ஏன் சந்தேகப்படப் போகிறார்?

நான் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. கதவுக்குப் பின்னால் அந்த முகம் தெரிந்தது, வார்த்தை உள்ளேயே போய்விட்டது.

லாரி டிரைவர் இரண்டு தடவை மாடி ஏறி வந்துவிட்டார். “மேடம், இன்னா பேஜாரா கீது. போலாமா வேணாமா?” என்றார். எம்.டி. அரைமணிக்கு ஒருமுறை வந்து பாயின் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவர்கள் இருவரும் உருதுவில் பேசினால் சண்டை, தமிழில் பேசினால் வேலை என்று ஆபீசில் எங்களுக்கு ஒரு கணக்கு. அன்று அவர் எதிலும் பேசவில்லை. பாய்க்கு வேர்த்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே தட்டினார்.

“வேற மெஷின்ல போட்டுப் பாக்கலாமே பாய்,” என்றேன். எப்படியாவது என் மெஷினை விட்டு அவர் எழுந்தால் போதும் என்று இருந்தது.

“இதுல ஏன் வரலன்னு தெரியாம அதுல போட்டா, அதுலயும் வராதும்மா.”

சாப்பாட்டு டப்பாவை யாரும் திறக்கவில்லை. ஒன்றரை மணி சுமாருக்கு அவர் கடைசியாக ஒரு குறிப்பைத் திறந்தார். கம்ப்யூட்டரில் எது எப்போது போடப்பட்டது, எது எப்போது எடுக்கப்பட்டது, யார் செய்தது என்று லினக்ஸ் ஒரு டைரி எழுதிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அன்று ஆபீசுக்கே வந்திருக்க மாட்டேன்.

வழக்கம்போல வாய்விட்டுப் படித்தார். போன மாதம், போன வாரம், திங்கட்கிழமை. ஒவ்வொரு வரியும் எனக்குக் கேட்டது, பிரேமாவுக்கும் கேட்டது. “செவ்வாய்க்கெழம. சாயங்காலம் அஞ்சு நாப்பத்தெட்டு...” என்றார்.

அதோடு நின்றுவிட்டது.

நான் திரையைப் பார்த்தேன். அடுத்த வரியில் என் பெயர் இருந்தது. அதற்கு அடுத்த வரியிலும். பாயின் விரல் அந்த இரண்டு வரிகளின் மேல் மெதுவாகப் போனது. உதடு அசையவில்லை. அவர் வாயைத் திறக்காமல் படித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“ரெண்டு டீ சொல்லிட்டு வர்றியாம்மா?” என்றார். “ஸ்ட்ராங்கா.”

டீ வாங்கிக்கொண்டு வந்தபோது அந்தப் பக்கத்தை மூடியிருந்தார். கதவைச் சாத்திக்கொள்கிற பிரவுசரை எடுத்துவிட்டு, பழையதைக் கொண்டுவா என்று ஆப்டிடம் கேட்டார். அது போய் மறுபடியும் கதவைச் சாத்திக்கொள்கிறதையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியது. பாய் நெற்றியைத் தேய்த்தார். “பேர மட்டும் சொன்னா இவன் வேற ஆள கூட்டினு வர்றான். எந்த ஊர்லேருந்துன்னும் சொல்லணும்,” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பிரவுசர் எந்த இடத்திலிருந்து வர வேண்டும் என்பதை ஒரு ஃபைலில் எழுதினார். அடித்தார். இந்தத் தடவை சரியான ஆள் வந்தது. ப்ளகினைப் போட்டார். இரண்டு நாற்பதுக்கு எம்.டி.யின் கையெழுத்து பச்சை நிறத்தில் விழுந்தது. நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு படியில் ஓடினேன். அதை வாங்கிக்கொண்டு லாரி கிளம்பிப் போனது.

மேலே வந்தபோது எம்.டி. என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“இன்னா பாய் ஆச்சி?” எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தமிழில் கேட்டார். “யாராச்சும் எதுனா நோண்டினாங்களா?”

பாய் ஸ்டூலிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை.

“யாரும் ஒண்ணும் பண்ணல சார். பிரவுசர் தானா மாறிடுச்சி.”

பிரேமா கால்குலேட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“தானா மாறுமா?”

“செல நேரம் மாறும் சார்.”

“காலையிலேருந்து லாரி நிக்குது. தானா மாறுற மெஷின வெச்சினு நான் எப்படி பாய் எக்ஸ்போர்ட் பண்றது? நீங்கதான இத போட்டுக் குடுத்தீங்க.” அதற்கு மேல் அவர் சொன்னதெல்லாம் உருதுவில். பாய் கேட்டுக்கொண்டே மேஜை மேல் இருந்த சாக்பீஸ் வட்டங்களைக் கையால் துடைத்தார். நான் அவர்களுக்கு நடுவில் மரம் மாதிரி நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான்தான் சார் என்று இரண்டே வார்த்தை. சொல்லவில்லை.

அடுத்த மாதம் வேலூரிலிருந்து டீ-ஷர்ட் போட்ட இரண்டு பையன்கள் வந்து, காசு கொடுத்து வாங்குகிற சாஃப்ட்வேரை எல்லா மெஷினிலும் போட்டார்கள். ஈரத்துணியால் மானிட்டர்களைத் துடைத்தார்கள். பாயைத் தோல் குடோனுக்கு அனுப்பினார்கள். அங்கே வேலை பெரும்பாலும் நின்றுகொண்டுதான்.

அவர் இல்லாமல் ஆபீஸ் நன்றாகத்தான் ஓடியது. தகராறு வந்தால் பையனுக்குப் போன் செய்வோம். அவன் அணைத்துப் போடச் சொல்வான். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், ஏன் சரியானது என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்தோம், அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் குடோனுக்குப் போனேன். போவதற்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். பாய் தோல் கட்டுகளுக்கு நடுவில் ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

“பாய், அன்னிக்கி...”

“இங்க வெளிச்சம் நல்லாருக்குதும்மா,” என்றார். “ஆபீஸ்ல கம்மி. உங்க பொண்ணு பரிச்ச எழுதிடுச்சா?”

“எழுதிட்டா பாய். நான் இன்னா சொல்ல வந்தேன்னா...”

“டீ குடிச்சியா?”

அவ்வளவுதான். குடோன் டீ மகா மோசம். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் அவர் வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரான வாணியம்பாடிக்கே போய்விட்டார். நான் அதன் பிறகும் ஐந்து வருடம் அந்த நாற்காலியில் இருந்தேன். இப்போது வேலூரில் வேறு வேலை, பஸ்ஸில் நிற்பது மட்டும் அதேதான்.

போன வாரம் அவருக்குப் போன் செய்தேன். உங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதட்டுமா, பெயர் போட மாட்டேன் என்று கேட்டேன்.

“எழுதும்மா. ஆனா அந்த பிரவுசர் எந்த வழியில வந்தா ப்ளகின் பேசும், எந்த வழியில வந்தா பேசாதுன்னு தெளிவா எழுது. படிக்கிறவங்க எவனாச்சும் அதே மாதிரி மாட்டினு இருப்பான்.”

“சரி பாய்.” பிறகு இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். “அன்னிக்கி ஏன் பாய் அப்படி சொன்னீங்க?”

போனில் ஒரு ஆட்டோ போகிற சத்தம் கேட்டது.

“உங்க வூட்டுக்காரரு ஷாப்ப மூடிட்டிருந்தாங்கல்ல,” என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். ஷாப் மூடியதை ஆபீசில் நான் யாரிடமும் சொன்னதில்லை, அவருக்கு எப்படித் தெரிந்தது என்றுகூடக் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போன் செய்ததையும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். அந்த எம்.டி. இந்தப் பத்திரிகை வாங்குகிறவர், அவரும் படிக்கட்டும். பிரவுசர் தானாக மாறவில்லை சார். மாற்றியது நான். பாயின் மெஷினில் ஒரு குறையும் இல்லை.

என் பெண் நர்சிங் முடித்துவிட்டாள், போன மாதம் வேலையில் சேர்ந்தாள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்த சம்பளத்தில் படித்தவள் அவள். நீங்க நல்லா இருக்கணும் பாய்.